குறையா, பிழையா? – சோபோகிளிஸின் வாழ்வும் அவர் படைத்த துன்பியல் தலைவர்களும்

முதுகலை மாணவர்களின் ஒப்பிலக்கிய விடைத்தாள்களைத் திருத்தும்போதெல்லாம் ஒரு கருத்து தவறாமல் கண்ணில் படும். ஈடிபஸ் மன்னனை அழித்தது அவனுடைய சினம். கிரியோனை அழித்தது அவனுடைய பிடிவாதம். ஆகவே துன்பியல் தலைவன் ஒவ்வொருவனிடத்தும் ஒரு குணக்குறை உண்டு, அதுவே அவனுக்கு எமனாகிறது என்று எழுதியிருப்பர். மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வருவதில்லை. அக்குறிப்பைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி எழுதச் செய்தவன் நானே. நான் மாணவனாக இருந்த காலத்தில் எழுதி மதிப்பெண் பெற்றதும் அதையே. அந்நாடகங்களை இயற்றிய சோபோகிளிஸின் வாழ்க்கையை ஊன்றிப் படித்த பின்னரே அதில் எனக்கு ஐயம் தோன்றியது.

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகர மதிலுக்கு வெளியே, வடபுறத்தில் கொலோனஸ் என்னும் சிற்றூர் இருந்தது. கி.மு. 496ஆம் ஆண்டளவில் அவ்வூரில் சோபோகிளிஸ் பிறந்தார். தந்தை சோபில்லஸ் போர்க்கருவிகள் செய்யும் தொழிற்கூடத்தின் உரிமையாளர் என்பர். செல்வக்குடி, ஆதலால் இசையும் உடற்பயிற்சியும் நல்லாசிரியர்களிடம் கற்கும் வாய்ப்பு அச்சிறுவனுக்குக் கிடைத்தது. கி.மு. 480இல் சாலமிஸ் கடற்போரில் பாரசீகப் பெரும்படையைக் கிரேக்கர் வென்றனர். அவ்வெற்றி விழாவில் யாழ் ஏந்தி, பாடும் இளைஞர் குழுவுக்குத் தலைமை தாங்கி முன் நடந்தவர் பதினாறு வயது நிரம்பிய சோபோகிளிஸ். அழகும் இசைத்திறமும் ஒருங்கே வாய்த்த அவ்விளைஞரை நகரமே கண்டு மகிழ்ந்தது. அன்று தொடங்கிய நகரத்தாரின் அன்பு அவரை இறுதிவரை நீங்கவில்லை. நாடகத்தில் தனிமையின் கொடுமையை அவரளவுக்குத் தீட்டியவர் சிலரே; வாழ்வில் அவர் ஒருநாளும் தனித்து நிற்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

ஏதென்ஸில் நாடகம் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. ஆண்டுதோறும் இளவேனிலில் டயோனிசஸ் விழாவின்போது அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் மக்கள் திரண்டு அமர்வர். புலவர் மூவர் போட்டியிடுவர். ஒவ்வொருவரும் துன்பியல் நாடகங்கள் மூன்றும், அவற்றின் முடிவில் எள்ளல் நிறைந்த சாட்டிர் நாடகம் ஒன்றும் அரங்கேற்ற வேண்டும். கி.மு. 468இல் சோபோகிளிஸ் முதல் வெற்றி பெற்றார். எதிர்நின்றவர் மூத்த பெரும்புலவர் ஈஸ்கிலஸ். கூட்டத்தின் ஆரவாரம் எல்லை மீறவே, வழக்கமான நடுவர்களை விடுத்து, போர்முனையிலிருந்து திரும்பியிருந்த தளபதி சைமனையும் அவருடைய தோழர்களையும் தீர்ப்புச் சொல்ல அமர்த்தினர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். இருபத்தெட்டு வயது இளைஞர் வென்றார். அதன்பின் டயோனிசஸ் பெருவிழாவில் மட்டும் பதினெட்டு முறை அவர் முதற்பரிசு பெற்றார். மூன்றாம் இடத்துக்கு ஒருபோதும் அவர் தள்ளப்பட்டதில்லை என்று பழைய வரலாறு கூறும். இயற்றிய நாடகங்கள் நூற்றிருபதுக்கு மேல். இன்று முழுமையாக நம் கைக்கு வந்திருப்பவை ஏழே.

அக்காலப் புலவர்கள் தம் நாடகங்களில் தாமே நடிப்பது வழக்கம். சோபோகிளிஸின் குரல் மெலிந்தது. ஆதலால் அவர் நடிப்பை விட்டார். மேடையிலிருந்து இறங்கியவர் மேடையையே மாற்றினார். அதுவரை பேசும் நடிகர் இருவரே. அவர் மூன்றாமவரைக் கொண்டுவந்தார். அரங்கில் திரை ஓவியம் தீட்டும் முறையையும் அவரே புகுத்தினார் என்று அரிஸ்டாடில் குறிக்கிறார். பாடற்குழுவின் எண்ணிக்கையைப் பன்னிரண்டிலிருந்து பதினைந்தாக உயர்த்தியவரும் அவரே என்பர். இவற்றுள் மூன்றாம் நடிகரின் வருகைதான் பெரிது. இருவர் மட்டும் நின்றால் வினாவும் விடையும் எழும், சொற்போர் எழும். மூவர் நின்றால், இருவர் பேச மூன்றாமவர் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஈடிபஸ் நாடகத்தில் கொரிந்து நகரத்துத் தூதன் மன்னனிடம் அவனுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசுகிறான். அருகே அரசி யோகாஸ்டா நிற்கிறாள். பேச்சு வளர வளர, மன்னனுக்குப் புலப்படாத உண்மை அவளுக்கு முதலில் புலப்பட்டுவிடுகிறது. தன் கணவனாக நிற்பவன் தான் பெற்ற மகன்! அவள் பேசவில்லை. அந்த மௌனத்தைக் காட்டுவதற்கு மூன்று நடிகர் வேண்டும்.

புலமையோடு அவர் நின்றுவிடவில்லை. கி.மு. 443இல் ஏதென்ஸின் தலைமையை ஏற்ற நாடுகள் செலுத்திய திறைப் பொருளைக் காக்கும் கருவூல அதிகாரிகளுள் ஒருவராக விளங்கினார். கி.மு. 441இல் பெரிக்கிளிஸோடு உடன் பணியாற்றும் படைத்தலைவர் பதின்மருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சாமோஸ் தீவின் கிளர்ச்சியை அடக்கச் சென்றார். ஆண்டிகனி நாடகம் பெற்ற வரவேற்பே அப்பதவியைத் தந்தது என்று ஒரு பழங்குறிப்பு உண்டு. கவிதை அறிந்த அளவுக்கு இவருக்குப் படை நடத்தத் தெரியாது என்பது பெரிக்கிளிஸின் கணிப்பு. சோபோகிளிஸ் அதைச் சிரித்துக்கொண்டே தம் நண்பர்களிடம் சொல்லிக்காட்டினாராம். எவரோடும் பகை கொள்ளாத இயல்பு, விருந்தில் இனியவர், பதவி வந்தால் மறுக்காதவர். சூழலுக்கு இசைந்து வாழத் தெரிந்தவர் என்று ஒரே தொடரில் சொல்லிவிடலாம்.

அத்தகையவர் படைத்தவர்களோ இசையத் தெரியாதவர்கள். தீப்ஸ் நகரைத் தாக்க வந்து மடிந்த தமையனின் உடலை அடக்கம் செய்யலாகாது என்று அரசன் கிரியோன் ஆணையிடுகிறான். தங்கை ஆண்டிகனி அவ்வாணையை மீறி மண் தூவுகிறாள். இருவரும் ஓரங்குலமும் நகரவில்லை. இங்கு மாணவர்கள் கவனிக்கத் தவறும் ஓரிடம் உண்டு. கிரியோன் இறுதிவரை பிடிவாதமாக இருந்தான் என்று எழுதுகிறார்கள். அவன் மனம் மாறுகிறான். முதுகுருடரான தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்தபின் அவன் அஞ்சுகிறான். பாடற்குழுவினரிடம் வழி கேட்கிறான். பெண்ணைக் குகையிலிருந்து விடுவித்து, பிணத்துக்குக் கல்லறை எழுப்புமாறு அவர்கள் சொல்கிறார்கள். அவன் ஓடுகிறான். ஆனால் முதலில் பிணத்தை அடக்கம் செய்துவிட்டு, அதன் பிறகே குகைக்குப் போகிறான். அதற்குள் ஆண்டிகனி தூக்கிட்டு மாண்டிருக்கிறாள். அவளை மணக்க இருந்த அவன் மகனும், பின்னர் அவன் மனைவியும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கின்றனர். வரிசை மாறியது, அவ்வளவே. இதற்குப் பிடிவாதம் என்று பெயரிட்டுவிட்டால் அந்த ஓட்டம் நம் கண்ணில் படாமல் போகிறது.

கி.மு. 430இல் ஏதென்ஸில் கொள்ளைநோய் பரவியது. ஸ்பார்ட்டாவுடன் போர் மூண்டு நாட்டுப்புற மக்களெல்லாம் மதிலுக்குள் நெருக்கியடித்துக் கிடந்த நேரம் அது. மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தனர். அடுத்த ஆண்டு பெரிக்கிளிஸும் மறைந்தார். ஈடிபஸ் மன்னன் நாடகம், கொள்ளைநோயால் வாடும் ஒரு நகரத்து மக்கள் அரண்மனை வாயிலில் வந்து முறையிடுவதோடு தொடங்குகிறது. ஆகவே அறிஞர் பலர் அதனை அவ்வாண்டுகளை ஒட்டியே வைத்துப் பார்க்கின்றனர். நகரைக் காக்க வேண்டும் என்னும் ஒரே நோக்கோடு, முன்னாள் மன்னனைக் கொன்றவன் யார் என்று ஈடிபஸ் தேடுகிறான். தேடலை நிறுத்துமாறு யோகாஸ்டா மன்றாடுகிறாள், ஆட்டிடையன் கெஞ்சுகிறான். அவன் நிறுத்தவில்லை. கொன்றவன் தானே என்றும், கொல்லப்பட்டவன் தன் தந்தை என்றும், மணந்தவள் தன் தாய் என்றும் அறிந்து கண்களைக் குத்திக்கொள்கிறான். அவனுக்குச் சினம் இல்லையா? உண்டு. முச்சந்தியில் வழிவிடாத முதியவனை அச்சினத்தால்தான் அடித்து வீழ்த்தினான். ஆயினும் அவ்விடத்தில் முதலில் அடி வாங்கியவன் அவனே என்பதையும் சோபோகிளிஸ் சொல்ல மறக்கவில்லை. அவனைப் பாழாக்கிய தேடலும் ஒருகாலத்தில் ஸ்பிங்ஸின் விடுகதையை அவிழ்த்து அந்நகரைக் காத்த தேடலும் ஒன்றே. குறை என்று சுட்ட விரல் நீட்டினால் அது அவனுடைய நிறையைப் போய்த் தொடுகிறது.

இந்நாடகம் அவ்வாண்டு முதற்பரிசு பெறவில்லை. ஈஸ்கிலஸின் மருமகன் முறையினரான பிலோகிளிஸ் என்பவர் பரிசைத் தட்டிச் சென்றார். அவருடைய அந்நாடகம் இன்று எங்கே?

சோபோகிளிஸ் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, கி.மு. 384இல் பிறந்தவர் அரிஸ்டாடில். துன்பியலை ஆராய்ந்த தம் கவிதையியல் நூலில் அவர் திரும்பத் திரும்பச் சுட்டுவது ஈடிபஸ் நாடகத்தையே. துன்பியல் தலைவன் அறத்தின் சிகரமாகவும் இருத்தலாகாது, தீயவனாகவும் இருத்தலாகாது. அவன் வீழ்வது தீமையால் அன்று, ஹமார்ட்டியா ஒன்றினால் என்பது அவர் கருத்து. இச்சொல் வில்வித்தையோடும் வேலெறிதலோடும் உறவுடையது. குறிபார்த்து எறிந்தது இலக்கில் படாமல் விலகிப்போதல் அதன் மூலப்பொருள். பிற்கால ஐரோப்பியத் திறனாய்வாளர் பலர் இதனைக் குணக்குறை ஆக்கினர். நாமும் அவர்கள் வழியே குறை என்று பெயர்த்தோம். நம் மொழியில் இதற்கு வாய்ப்பான சொல் முன்பே இருக்கிறது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில், யானையின்மேல் எறிந்த வேல் குறிதப்பியதைச் சொல்ல வள்ளுவர் ஆளும் வினை பிழைத்தல் என்பதே. ஹமார்ட்டியாவுக்குப் பிழை என்பதைக் காட்டிலும் பொருந்தும் சொல் எம்மொழியிலும் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. உயிர் தப்புதலுக்கும் தமிழர் அதே சொல்லை வழங்குவது தனி வியப்பு.

கவிதையியல் நூலின் பயணமும் இங்கே கூறத்தக்கது. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அபூ பிஷ்ர் மத்தா என்னும் அறிஞர் அதனைச் சிரியாக் மொழியிலிருந்து அரபியில் பெயர்த்தார். இப்னு சீனாவும், கோர்தோபாவின் பேரறிஞர் இப்னு ருஷ்தும் (1126–1198) அதற்கு விளக்கம் எழுதினர். மேடை நாடகம் அவர்கள் கண்டறியாத ஒன்று. எனவே துன்பியலை மத்ஹு என்னும் புகழ்ப்பாடலாகவும், இன்பியலை ஹிஜா என்னும் வசைப்பாடலாகவும் இப்னு ருஷ்து பொருள் கொண்டார். அவ்விளக்கம் 1256இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. ஐரோப்பியர் நெடுங்காலம் அரிஸ்டாடிலின் அந்நூலை அறிந்தது அதன் வாயிலாகவே. இலக்கு விலகிய அம்புதான். ஆயினும் எத்தனை தொலைவு சென்றிருக்கிறது! பின்னாளில், 1949இல், எகிப்திய எழுத்தாளர் தவ்ஃபீக் அல்ஹக்கீம் ஈடிபஸ் கதையை அரபு நாடகமாகவே எழுதி வெளியிட்டார்.

இனி சோபோகிளிஸின் முதுமைக்கு வருவோம். அவர் வாழ்வில் நான் ஊன்றி நின்ற இடம் இதுவே.

கி.மு. 413இல் சிசிலித் தீவின்மேல் படையெடுத்துச் சென்ற ஏதென்ஸின் கடற்படையும் தரைப்படையும் முற்றாக அழிந்தன. கலங்கிப்போன நகரம், பொறுமையுள்ள முதியோர் பதின்மரைத் தேர்ந்து ஆலோசகர்களாக அமர்த்தியது. அப்பதின்மருள் சோபோகிளிஸும் ஒருவர் என்பது அறிஞர் பலர் ஏற்கும் முடிவு. அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. இரண்டாண்டுகள் சென்றபின், மக்களாட்சியை நீக்கி நானூற்றுவர் கையில் அதிகாரத்தை ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்கு அப்பதின்மரும் உடன்பட்டனர். கொலையும் அச்சுறுத்தலும் நகரில் தலைவிரித்தாடின. நான்கு திங்களில் அவ்வாட்சி கவிழ்ந்தது. பின்னர் பெய்சாண்டர் என்பவர் சோபோகிளிஸை நோக்கி, நானூற்றுவர் ஆட்சிக்கு நீர் இசைந்தீரா என்று வினவினார் என்றும், அவர் ஆம் என்று ஒப்புக்கொண்டார் என்றும் அரிஸ்டாடில் தம் சொற்கலை நூலில் பதிந்திருக்கிறார். அது தீயது என்று உமக்குத் தோன்றவில்லையா என்ற அடுத்த வினாவுக்கும் தோன்றியது என்றே விடை வந்தது. பிறகு ஏன் செய்தீர் என்றதற்கு, அதனினும் நல்லதொரு வழி அன்று தமக்குப் புலப்படவில்லை என்றாராம்.

வளைந்து கொடுக்காத ஆண்டிகனியைப் படைத்த கை, வளையக்கூடாத இடத்தில் வளைந்தது. எல்லாரோடும் இசைந்து வாழும் நற்குணம் வாழ்நாளெல்லாம் அவருக்குப் புகழைத் தந்தது. அதே நற்குணம் எண்பத்தைந்து வயதில் அவரை அங்கே கொண்டு நிறுத்தியது. இதனைக் குணக்குறை என்பதா? தீயவர் என்பதா? அவர் மறைக்கவுமில்லை, மழுப்பவுமில்லை.

ஒரு முறை எங்கள் வகுப்பில் நன்கு படித்துவந்த மாணவன் ஒருவன் தேர்வுக்கு வராமலே நின்றுவிட்டான். ஆசிரியர் அறையில் நாங்கள் அவனுடைய குறை எது என்று ஆராய்ந்தோம். ஒருவர் சோம்பல் என்றார். நான் கர்வம் என்றேன். தந்தை படுக்கையில் விழ, அவன் வேலைக்குப் போய்விட்டான் என்பது அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. சோபோகிளிஸின் அவ்விடையைப் படித்தபோது எனக்கு அவன் நினைவே வந்தது.

கி.மு. 409இல், அந்த ஆட்சி கவிழ்ந்து இரண்டாண்டுக்குள், சோபோகிளிஸ் பிலோக்டீட்டஸ் என்னும் நாடகத்தை அரங்கேற்றி முதற்பரிசு பெற்றார். பாம்பு தீண்டிய கால் அழுகி நாறியதால் தோழர்களாலேயே லெம்னோஸ் தீவில் கைவிடப்பட்டவன் பிலோக்டீட்டஸ். பத்தாண்டுத் தனிமையில் அவனைக் காப்பது ஹெராக்கிளிஸ் தந்த வில் ஒன்றே. அவ்வில் இன்றி ட்ராய் நகர் வீழாது என்று அறிந்த ஒடிசியஸ், அதனைப் பொய் சொல்லிப் பறித்து வருமாறு இளைஞன் நியோப்டாலமஸை ஏவுகிறான். நாட்டின் நலனுக்காக என்று காரணமும் காட்டுகிறான். இளைஞன் தயங்கி, பின் உடன்பட்டு, வில்லைப் பெற்றுவிடுகிறான். நோயுற்றவனின் கதறலைக் கேட்டபின் அவனால் தாங்க முடியவில்லை. ஒடிசியஸ் வாளை உருவ முனைந்தும் அஞ்சாது, திரும்பி நடந்து வில்லை உரியவனிடமே கொடுக்கிறான். தான் செய்த செயலுக்கு அவன் அங்கே இடும் பெயர் ஹமார்ட்டியா. அதனை மீட்டெடுக்கவே போவதாக அவன் சொல்கிறான்.

அரிஸ்டாடில் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அச்சொல் சோபோகிளிஸின் மேடையில் இவ்வாறு ஒலித்தது. குணக்குறையாயின் திரும்பி நடந்து அதனைச் சரிசெய்ய இயலாது. பிழையாயின் இயலும், காலம் இடங்கொடுத்தால். கிரியோனுக்குக் காலம் இடங்கொடுக்கவில்லை. கணவன் அன்பை மீண்டும் பெறும் மருந்து என்று நம்பி, நஞ்சு தோய்ந்த ஆடையை ஹெராக்கிளிஸுக்கு அனுப்பிய டீயனைராவுக்கும் கொடுக்கவில்லை. இளைஞன் நியோப்டாலமஸுக்குக் கொடுத்தது. எண்பத்தேழு வயது முதியவர் அக்காட்சியை எழுதும்போது எதனை நினைத்தார் என்று நாம் சொல்லப் புகுவது மிகை. ஆனால் பார்த்திருந்த நகரத்தாரும் அந்த நான்கு திங்களைக் கடந்து வந்தவர்களே.

அவருடைய கடைசி நாள்களைப் பற்றிய கதை ஒன்று புகழ்பெற்றது. தந்தையின் அறிவு தளர்ந்துவிட்டது, சொத்தைப் பேணும் திறன் அவருக்கு இல்லை என்று மகன்கள் வழக்குத் தொடுத்ததாகவும், முதியவர் அப்போது எழுதிக்கொண்டிருந்த நாடகத்திலிருந்து ஒரு பகுதியைப் படித்துக்காட்டி, இது அறிவு தளர்ந்தவன் எழுதியதா என்று கேட்டதாகவும், வழக்குத் தள்ளுபடி ஆனதாகவும் ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதுகிறார். நடந்ததோ, புனைந்ததோ, கதை நயமானது. கி.மு. 406இல் யூரிப்பிடிஸ் மாசிடோனியாவில் மறைந்த செய்தி வந்தது. ஐம்பதாண்டுக் காலத்துக்குச் சற்றே குறைய அவரோடு போட்டியிட்டவர் சோபோகிளிஸ். விழா முன்னறிவிப்பு நாளில் அவர் துக்க உடையில் வந்தார். நடிகரையும் பாடற்குழுவினரையும் மாலை சூடாமல் மக்கள் முன் நிறுத்தினார். கூட்டம் அழுதது என்பர். சில திங்களுக்குள் அவரும் மறைந்தார். கி.மு. 405இல் அரங்கேறிய தவளைகள் என்னும் இன்பியல் நாடகத்தில் அரிஸ்டோஃபனிஸ் எல்லாப் புலவர்களையும் எள்ளி நகையாடுகிறார். சோபோகிளிஸிடம் மட்டும் அவருக்கு எள்ள மனம் வரவில்லை.

அவர் இறுதியாக எழுதிவைத்த நாடகம் கொலோனஸில் ஈடிபஸ். கண்ணிழந்து, நாடு கடத்தப்பட்டு, மகளின் கைப்பிடித்து அலையும் ஈடிபஸ் வந்து சேரும் இடம் புலவர் பிறந்த அதே சிற்றூர். அங்குள்ளோர் அவன் பெயரைக் கேட்டதும் அஞ்சி விரட்ட முனைகின்றனர். இளமையில் தன்னைத்தானே தண்டித்துக்கொண்ட அவன், இப்போது நிமிர்ந்து நின்று வழக்காடுகிறான். அறியாமல் செய்தேன், அறிந்து செய்தவர்கள் என்னைக் கொல்ல முயன்றவர்கள் என்பது அவனுடைய வாதத்தின் சாரம். ஏதென்ஸ் மன்னன் தீசியஸ் அவனுக்கு அடைக்கலம் தருகிறான். குற்றம் எது என்று அவன் விசாரிக்கவில்லை. தானும் ஒருகாலத்தில் அந்நிய மண்ணில் அலைந்தவன் என்பதை மட்டும் நினைவுகூர்கிறான்.

கி.மு. 404இல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் பணிந்தது, மதில்கள் இடிக்கப்பட்டன, முப்பதின்மர் கொடுங்கோலாட்சி வந்து, போயிற்று. கி.மு. 401இல் புலவரின் பேரன், அவருக்கும் சோபோகிளிஸ் என்றே பெயர், பாட்டனார் விட்டுச்சென்ற அந்நாடகத்தை டயோனிசஸ் அரங்கில் மேடையேற்றினார். தோற்றுப்போன நகரத்தின் மக்கள் குன்றின் சரிவில் அமர்ந்திருக்க, கண்ணில்லாத முதியவர் ஒருவர் மகளின் தோளைப் பற்றிக்கொண்டு, இது எந்த ஊர் என்று கேட்டபடி அரங்கினுள் வந்தார்.